குப்பை கொட்டப்படாத குழி

மெசல் குழியிலிருந்து வெட்டியெடுத்த கல்லைக் கையில் வாங்குபவருக்கு, அது கல் என்ற எண்ணமே முதலில் வராது. நிறம் கருஞ்சாம்பல். பிடித்த விரல்களில் ஈரம் ஒட்டும். ஓரத்தில் நகத்தை வைத்து அழுத்தினால் பழைய கொப்பியின் ஏடுபோல மெல்லிய தாள் பிரிந்து வரும். அதில் 40 வீதம் வரை நீர்தான் இருக்கிறது. வெயிலில் வைத்துவிட்டால், ஆவணி மாதத்தில் வற்றிய வன்னிக் குளத்தின் சேறு வெடித்துச் சுருள்வதைப் போல அதுவும் வெடித்துச் சுருண்டு, உள்ளே இருப்பதையும் சேர்த்துக்கொண்டு உதிர்ந்துவிடும். உள்ளே இருப்பது ஏறத்தாழ 47 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் இறந்த குதிரைக்குட்டியாகவும் இருக்கலாம்.

இரண்டு வருடங்களுக்கு முன், ஜேர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் வாழும் அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவருடைய மகள்தான் என்னை அந்தக் குழிக்கு அழைத்துச் சென்றாள். பிராங்பேர்ட் நகருக்குத் தெற்கே, டார்ம்ஸ்டாட்டிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவில், காட்டு மரங்களுக்கு நடுவே ஏறத்தாழ 60 மீற்றர் ஆழத்துக்கு இறங்கும் பெரும்பள்ளம் அது. 1995ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது. ஜேர்மனியில் இயற்கை மரபுரிமை என்ற வகையில் முதலில் பட்டியலில் ஏறிய இடம் அதுதான். முலையூட்டிகளின் கூர்ப்பில் தொடக்ககாலப் படிகளை விளங்கிக்கொள்வதற்கு உலகில் அதற்கு ஈடான இடங்கள் மிகச் சிலவே. வழிகாட்டியுடன் மட்டுமே உள்ளே இறங்கலாம். இப்போது பள்ளி விடுமுறைக்காக அந்தப் பிள்ளை வெள்ளவத்தையில் என்னோடு இருக்கிறாள். கொழும்புக்கு வந்ததிலிருந்து அவள் கேட்கும் கேள்விகளால் அந்தக் குழியைப் பற்றி நான் மறுபடியும் வாசிக்கத் தொடங்கினேன். இந்தப் பதிவு அதிலிருந்து பிறந்தது.

குழி எப்படி உண்டானது என்பதிலிருந்து தொடங்குகிறேன். நிலத்தினடியிலிருந்து மேலெழுந்த எரிமலைக் குழம்பு நிலத்தடி நீரைச் சந்தித்தபோது, நீர் ஒரே கணத்தில் ஆவியாகி, மேலிருந்த பாறையை வெடித்து எறிந்தது. அந்த வெடிப்பு விட்டுச்சென்ற ஆழமான வாய்க்குள் நீர் தேங்கி ஏரியானது. இது நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது. 2001இல் குழியின் நடுவே 433 மீற்றர் ஆழத்துக்குத் துளையிட்டு, ஏரிப் படிவுகளின் அடியில் எரிமலை வெடிப்பில் நொறுங்கிய பாறைத் துண்டுகளைக் கண்ட பிறகுதான் அது உறுதியாயிற்று. குறுகலாகவும் மிக ஆழமாகவும் இருந்த ஏரியானதால், மேல்நீரும் அடிநீரும் கலக்கவில்லை. மேலே பாசிகள் செழித்தன; அடியில் ஒட்சிசன் இல்லை. ஒட்சிசன் இல்லாத இடத்தில் பிணம் தின்னும் நண்டோ புழுவோ வாழ முடியாது. அமிழ்ந்த உடல் அமிழ்ந்தபடியே கிடக்க, இறந்த பாசிகளும் நுண்ணிய களியும் ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றரின் சிறு பின்னம் அளவில் அதன்மேல் படிந்துகொண்டே வந்தன. ஒரு மீற்றர் தடிப்புச் சேருவதற்கே பல ஆயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கும். பாசிகளின் கொழுப்புத்தான் பின்னாளில் அந்தக் களிக்கல்லை எண்ணெய் ஊறியதாக ஆக்கிற்று. அந்த எண்ணெய்க்காகத்தான் மனிதர் பிற்காலத்தில் அங்கே தோண்டினர்.

டைனோசர்கள் அழிந்தது ஏறத்தாழ 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன். அதற்கு முந்திய நெடுங்காலம் முழுவதும் முலையூட்டிகள் இருந்தன என்றாலும், பெரும்பாலானவை எலி, மூஞ்சூறு அளவில் ஒதுங்கி வாழ்ந்தவை. ஏறத்தாழ 56 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் பூமி திடீரென வெப்பமடைந்த காலத்தை ஒட்டி, குளம்புள்ள விலங்குகளும் மனிதனும் குரங்கும் தேவாங்கும் அடங்கும் முதனிகளும் வட கண்டங்களில் தலைகாட்டின. மெசல் ஏரி அதற்குச் சில மில்லியன் ஆண்டுகள் பிந்தியது. இன்றைய முலையூட்டிக் குடும்பங்களின் மூதாதைகள் தத்தம் வடிவத்தை எடுத்துக்கொண்டிருந்த வேளை அது. அந்தக் காலத்து முலையூட்டிகளை நாம் பெரும்பாலும் பற்களாலும் தாடைத் துண்டுகளாலும்தான் அறிகிறோம், ஏனெனில் உடலில் மிக வலியது பல்லின் மிளிரி, மற்றவை மக்கிப்போகும். பல்லைப் பார்த்து என்ன தின்றது என்று ஊகிக்கலாம். எப்படி ஓடியது, உடம்பில் மயிர் எவ்வளவு அடர்த்தி, வயிற்றில் குட்டி இருந்ததா என்பதையெல்லாம் பல் சொல்லாது. மெசல் சொல்கிறது. தலை முதல் வால் நுனிவரை எலும்பு குலையாமல், சுற்றிவர மயிரின் நிழல்கூடத் தெரியும்படி விலங்குகள் அங்கே கிடைக்கின்றன.

அந்த மயிர் நிழல் உண்டான விதத்தை முதன்முறை கேட்டபோது நான் சற்று நேரம் பேசாமல் நின்றேன். நாம் காண்பது மயிர் அல்ல. ஒட்சிசன் இல்லாத அடிநீரிலும் வாழக்கூடிய பற்றீரியாக்கள் இறந்த உடலின் மென்பகுதிகளை மூடிப் படர்ந்து, தின்றுகொண்டே இருக்கும்போது தாமே இரும்புக் காபனேற்றுக் கனியமாக உறைந்துவிட்டன. உடல் போய்விட்டது, உடலைத் தின்றவை அதன் உருவைத் தம் உடலால் வரைந்து வைத்துவிட்டன. காது மடலின் வளைவையும் வாலின் குஞ்சத்தையும் நாம் காண்பது அப்படித்தான்.

இவ்வளவும் அழியாமல் கிடந்தாலும், வெளியே எடுத்த கணத்திலிருந்து அதற்கு ஆயுள் மணிக்கணக்குத்தான். ஒவ்வொரு கோடையிலும் ஆய்வுக் குழுக்கள் குழிக்குள் இறங்கி, களிக்கல்லைப் பாளம் பாளமாகப் பெயர்த்து, நீண்ட கத்திகளால் ஏடு ஏடாகப் பிளந்து பார்க்கின்றன. ஏதாவது தென்பட்டால் உடனே ஈரமாக்கி மூடிவைக்க வேண்டும். பிறகு ஆய்வுகூடத்தில், வெளித்தெரியும் பக்கத்தைத் துப்புரவாக்கி, சுற்றிலும் வரம்பு கட்டி, அதன்மேல் செயற்கைப் பிசினை ஊற்றுவர். பிசின் இறுகியதும் பாளத்தைக் கவிழ்த்து, மறுபக்கத்துக் களிக்கல்லை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் ஊசியாலும் சிறு கத்தியாலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுப்பர். வேலை முடியும்வரை எலும்பு உலரவும் கூடாது. முடிவில் களிக்கல் முழுவதும் போய், விலங்கு தேன்நிறப் பலகையொன்றில் படுத்திருக்கும். பிராங்பேர்ட்டின் செங்கன்பேர்க் நூதனசாலையில் நாம் பார்த்து வியக்கும் மெசல் விலங்குகள் பலவும் இப்படி இடம்மாற்றப்பட்டவைதான்.

குதிரையைப் பற்றி அக்காவின் மகள் சொன்ன விதம் எனக்கு மறக்கவில்லை. “சித்தி, எங்கட வீட்டுக்குப் பக்கத்தில, அம்மான்ர வயித்துக்குள்ளயே குட்டியோட ஒரு குதிரை கிடந்தது தெரியுமோ?” என்று கேட்டாள். அவள் சொன்னது 2000ஆம் ஆண்டு செங்கன்பேர்க் குழுவினர் கண்டெடுத்த பெண் குதிரை. இனத்தின் பெயர் யூரோஹிப்பஸ் மெசலென்சிஸ். தோள் உயரம் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர். நம் ஊர் நாய்க்குட்டி அளவு என்று வைத்துக்கொள்ளலாம். முன்காலில் நான்கு விரல்கள், பின்காலில் மூன்று; ஒற்றைக் குளம்பில் ஓடும் குதிரை வருவதற்கு இன்னும் நெடுங்காலம் இருந்தது. வயிற்றினுள் பேறுகாலம் நெருங்கிய குட்டி, தலை தவிர மற்ற எலும்புகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கக் கிடந்தது. நுண் எக்ஸ்கதிர்ப் படத்தில் கருப்பையின் சுவரும் அதனை முதுகுப் பக்கத்தோடு பிணைத்துத் தாங்கும் இழையமும்கூடத் தெரிந்தன. 2015இல் வெளியான அந்த ஆய்வு, உடலளவிலும் விரல் எண்ணிக்கையிலும் இன்றைய குதிரையிலிருந்து இவ்வளவு விலகியிருந்த விலங்கு, கருவைச் சுமக்கும் விதத்தில் ஏற்கெனவே இன்றைய குதிரையாகவே இருந்தது என்று காட்டிற்று. கால் மாறியது, பல் மாறியது, உருவம் பெருத்தது. கருப்பை மட்டும் அன்றே முழுமையடைந்திருந்தது. கூர்ப்பு எல்லா உறுப்பையும் ஒரே வேகத்தில் மாற்றுவதில்லை என்று பாடசாலையில் படித்த வாக்கியம், எனக்கு அந்தக் குதிரையைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. மெசல் குதிரைகளின் வயிற்றிலிருந்து இலைகளும் திராட்சை விதைகளும் கிடைத்துள்ளன; புல்வெளி இல்லாத காட்டில் அவை தழையும் பழமும் தின்று வாழ்ந்தன. அந்தக் காட்டில் பனைக் குடும்பத்து மரங்களும், நம் கறுவா சேர்ந்திருக்கும் அதே குடும்பத்து மரங்களும் நின்றன என்பதை இலைச் சுவடுகள் காட்டுகின்றன. இன்று பனி கொட்டும் ஜேர்மனியில்!

மாலை மங்கும்போது எங்கள் மாடி முகப்பிலிருந்து பார்த்தால், கடற்கரை வீதி விளக்குகளைச் சுற்றிச் சின்ன வௌவால்கள் பூச்சி பிடிக்கத் தொடங்கும். மெசலில் மிக அதிகமாகக் கிடைக்கும் முலையூட்டி வௌவால்தான் என்பதால் அந்தப் பிள்ளை அவற்றை விடாமல் பார்ப்பாள். பேலியோகிரொப்ரரிக்ஸ் என்ற இனத்தின் வயிற்றில் அந்துப்பூச்சிகளின் செட்டைச் செதில்கள் கிடைத்துள்ளன. எக்ஸ்கதிரில் அவற்றின் உட்காது நத்தைச்சுருளை அளந்தபோது, ஒலியெழுப்பி எதிரொலி கேட்டு இரை தேடும் ஆற்றல் அப்போதே இருந்தது தெரியவந்தது. செட்டையின் அகல நீளத்தைக் கொண்டு, சில இனங்கள் தரைக்கு அண்மையில் புதர்களுக்கிடையிலும் வேறு சில மர உச்சிகளுக்கு மேல் திறந்த வெளியிலும் பறந்திருக்கும் என்று கணித்திருக்கிறார்கள். 2015இல், மயிரில் எஞ்சியிருந்த நிறமித் துணிக்கைகளைக் கொண்டு இரண்டு இன வௌவால்கள் செம்பழுப்பு நிறமாக இருந்தன என்றும் கண்டனர். பறக்கும் முலையூட்டியான வௌவால் எவ்வாறு பறக்கக் கற்றது என்ற கேள்விக்கு மெசல் விடை சொல்லாது, ஏனெனில் அங்கே கிடைக்கும் வௌவால்கள் எல்லாம் ஏற்கெனவே தேர்ந்த பறவைகள்போலப் பறந்தவை. அந்தத் தொடக்கம் அதற்கும் முன்னே எங்கோ கிடக்கிறது. பறந்துகொண்டிருந்தவை இத்தனை எண்ணிக்கையில் ஏரிக்குள் ஏன் விழுந்தன என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. ஏரியிலிருந்து கிளம்பிய நச்சுவாயு என்பர் சிலர். நீர் குடிக்கத் தாழ்ந்தபோது பாசி நஞ்சு கொன்றது என்பர் வேறு சிலர்.

அழுங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்று அழுங்கு ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் மட்டுமே வாழ்கிறது. இலங்கைக் காடுகளிலும் உண்டு, இறைச்சிக்கும் செதிலுக்குமாகக் கொல்லப்பட்டும் வருகிறது. ஆனால் அதன் மிகப் பழைய உறவினர்களில் ஒன்றான இயோமானிஸ், செதில்களோடு, மெசலில் கிடைத்தது. இதே ஏரிக்கரையில், நீண்ட பின்கால் இரண்டில் நடமாடிய லெப்ரிக்ரிடியம் என்ற விலங்கும் இருந்தது. அதன் வம்சம் முழுவதும் அற்றுப்போய்விட்டது. அது கங்காருவைப் போலத் துள்ளியதா, காலை மாற்றி மாற்றி ஓடியதா என்று அறிஞர்கள் இன்றும் எதிரெதிராக வாதிடுகிறார்கள்.

மெசலின் மிகப் புகழ்பெற்ற உயிரினமான ஐடா பற்றி எனக்கு மனத்தாங்கல் உண்டு. இளம் பெண் முதனியின் எலும்புக்கூடு அது. ஏறத்தாழ 95 வீதம் முழுமையானது, கடைசியாக உண்ட பழமும் இலையும் வயிற்றோடு. 1983இல் தனியார் சேகரிப்பாளர்கள் அதைக் குழியிலிருந்து எடுத்தனர். கல்லைப் பிளந்தபோது உண்டான இரண்டு பாதிகளும் பிரிந்தன. ஒரு பாதி, குறைந்த இடங்களில் போலியாக நிரப்பப்பட்டு, அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்துக்குப் போனது. நல்ல பாதி இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தனியார் வீட்டில் இருந்து, 2007இல் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் நூதனசாலையால் வாங்கப்பட்டது. 2009 மே மாதம் டார்வினியஸ் மசிலே என்ற பெயரோடு அறிமுகமானபோது, மனிதனுக்குச் செல்லும் விடுபட்ட கண்ணி கிடைத்துவிட்டது என்று உலகெங்கும் பறைசாற்றப்பட்டது. அதே வருடம் வெளிவந்த மற்றோர் ஆய்வும், பின்வந்தவற்றிற் பெரும்பாலானவையும், அதனைக் குரங்கும் மனிதனும் செல்லும் கிளையில் அன்றி, லீமரும் நம் தேவாங்கும் செல்லும் கிளையின் அண்மையில் வைத்தன. சிங்கராஜக் காட்டில் இரவில் கண் விழிக்கும் தேவாங்குக்குத் தூரத்து உறவு என்று சொன்னால் அந்தச் சிறு உயிருக்கு என்ன மதிப்புக் குறைந்துவிடும்? மணிக்கட்டொன்றில் எலும்பு முறிந்து ஆறிய அடையாளம் அதற்கு இருக்கிறது. கை ஊனத்தோடும் அது ஏறிப் பழம் பறித்துத் தின்றிருக்கிறது. எனக்கு அதுவே போதுமான செய்தி.

இவையெல்லாம் நமக்குக் கிடைக்காமல் போயிருக்க வேண்டியவை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து மெசலில் எண்ணெய்க்காகக் களிக்கல் தோண்டினர்; 1875இல் முதலையொன்றின் எலும்புகள் வெளிப்பட்டதிலிருந்து அங்கே உயிர்ச்சுவடுகள் உண்டு என்பதும் தெரியும். 1971இல் அகழ்வு நின்றது. கைவிடப்பட்ட பெருங்குழியை என்ன செய்வது என்ற கேள்விக்கு அதிகாரிகளுக்குத் தோன்றிய விடை, உலகெங்கும் அதிகாரிகளுக்குத் தோன்றும் விடைதான். சுற்றுவட்டார நகரங்களின் குப்பையைக் கொட்டி நிரப்புவது. திட்டம் வரையப்பட்டது. அந்த அச்சத்தில்தான் சேகரிப்பாளர்கள் அவசர அவசரமாகத் தோண்டினர். ஐடா வெளிவந்ததும் அந்த ஆண்டுகளில்தான். உள்ளூர் மக்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எதிர்த்து நின்று, நீதிமன்றம்வரை போய், திட்டத்தைக் கைவிடச் செய்தனர். 1991இல் ஹெஸன் மாநிலம் அந்த நிலத்தை விலைக்கு வாங்கிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து அது உலக மரபுரிமை. 2000இல் கிடைத்த அந்தத் தாய்க் குதிரை, திட்டம் நிறைவேறியிருந்தால் பிளாஸ்ரிக் பைகளுக்கும் கழிவுநீருக்கும் அடியில் கிடந்திருக்கும்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்காவின் மகள் கேட்டாள்: “கொழும்புக் குப்பையெல்லாம் எங்க போகுது சித்தி?”

2017 ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புதுவருட நாளன்று, மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டவர்களை உயிரோடு புதைத்ததை அவளுக்குச் சொன்னேன். அதன்பின் தலைநகரின் குப்பைக்காகத் தெரிவான இடம் புத்தளம் மாவட்டத்தின் அருவக்காடு. அங்கேயும் கைவிடப்பட்ட குழிகள்தான். சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த குழிகள். புத்தளம் மக்கள் மாதக்கணக்கில் தெருவில் இறங்கி எதிர்த்தனர். அந்தச் சுண்ணாம்புக்கல், ஏறத்தாழ 23 முதல் 5 மில்லியன் ஆண்டுகளுக்கு முந்திய மயோசீன் காலத்துக் கடற்படிவு என்பதும், இலங்கையில் அக்காலத்து உயிர்ச்சுவடுகள் கிடைக்கும் மிகச் சில இடங்களில் அருவக்காடு ஒன்று என்பதும் அந்த நாட்களில் எத்தனை பேரின் காதில் விழுந்தன? என் காதில் விழவில்லை. மெசலைப் பற்றி வாசிக்கப் போய்த்தான் நான் அருவக்காட்டை அறிந்தேன். என் வீட்டு வாசலில் நான் வைக்கும் பை எங்கே போய்ச் சேருகிறது என்பதை இத்தனை காலம் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

இந்தத் தீவின் பெரும்பகுதி உருமாறிய மிகப் பழைய பாறை. அதில் உயிர்ச்சுவடு தேட முடியாது. அதனால் நம்மிடம் இருக்கும் சொற்பம் மேலும் அரிதாகிறது. இரத்தினபுரியில் மாணிக்கம் தோண்டுபவர்கள் ‘இல்லம்’ என்று அழைக்கும் சரளைப் படுகையிலிருந்து, இன்று இலங்கையில் இல்லாத நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் ஆகியவற்றின் பற்களும் எலும்புகளும் கிடைத்தன. தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல அவற்றைச் சேர்த்து விவரித்து வைத்திராவிட்டால், அவையும் கழுவிய சரளையோடு ஆற்றில் கொட்டுண்டு போயிருக்கும். குழியில் நின்று கூடையால் அரித்த தொழிலாளிகள் எறியாமல் எடுத்து வைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அருவக்காட்டில் குப்பை நிரப்பத் தொடங்கியாகிவிட்டது. அதை நான் இங்கே எழுதி நிறுத்த முடியாது. ஆனால் இன்னும் நிரம்பாத குழிச் சுவர்கள் இருக்கின்றன. அடுத்த பகுதி திறக்கப்படுமுன், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியல் மாணவர்களை ஒரு பருவமாவது அந்தச் சுவர்களின் முன் நிற்கவிட்டு, கிடைப்பதை எடுத்து, வரைந்து, எண்ணிட்டு வைக்க அனுமதிக்கலாம். மெசலில் ஒரு கோடைக்கு ஒரு குழு செய்யும் வேலைதான் இது. தூசி தட்டும் தூரிகையும் சுத்தியலும் பதிவுப் புத்தகமும் போதும். சுண்ணாம்புக்கல் வெயிலில் சுருளாது. ஈரத் துணியும் வேண்டியதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளை திரும்பிப் போகிறாள். அதற்கு முன் புத்தளத்துக்குப் போய், உள்ளே விடாவிட்டாலும் வெளியே நின்று அந்த வெண்கல் மதிலைப் பார்க்க வேண்டும் என்கிறாள். புதன்கிழமை காலை பஸ்ஸுக்கு இருவருமாகக் கிளம்புகிறோம்.